கயா, புத்தகயா போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம், கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் வருஷ திதி முடிந்ததும் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்று அம்மா இப்போதே எள்ளைப் புடைத்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் புத்தகயா, போதி மரத்தடியில் ஒரு மணி நேரமாவது பேசாமல் உட்கார வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை.

தங்க எந்த ஊர் வசதி? விஷ்ணுபாதம் கோயிலில் தமிழ் பேசும் புரோகிதர் கிடைப்பாரா? அம்மாவுக்கு முட்டிவலி, பல்கு ஆற்றுக்கு இறங்கும் படிகள் செங்குத்தாக இருக்குமா? மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, அதனால் அம்மாவை விட்டு நகரவும் பயம். ஜனவரிப் பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும் என்பதால் பிப்ரவரி கடைசியில் கிளம்பலாம் என்றிருக்கிறோம், அது சரியா? அப்புறம், வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள் அவசியம் பதில் போடுங்கள்.