சில்லிபிபி: சோளன்மா ஏன் நறநறக்குது?

மாங்குளம்_அடுப்படி
திரினிடாட்டில சில்லிபிபி, ஜமேக்காவில ஆஷம் எண்டு சொல்லுற வறுத்த சோளன்மாவை இஞ்சத்தைச் சோளனில செய்து பாக்கிறன். வறுத்து, மிக்ஸியில அரைச்சு, சீனி கலந்தாச்சு. மா நறநறக்குது, பச்சை வாசம் நிக்குது. போத்தலில போட்டால் அடுத்த நாளே கட்டிபடுது. எங்க பிழை?

நெடுங்கேணி_அக்கா
பச்சை வாசத்துக்குக் காரணம் நெருப்புக் கூடினது. வெளித்தோல் கருகும், உள்ளுக்கு மாப்பகுதி வேகாது, பிறகு எவ்வளவு அரைச்சாலும் நறநறப்புத்தான். அடிகனத்த தாச்சியில ஒருக்கா 250 கிராமுக்கு மேல போடாதேங்கோ, மணி ஒரே அடுக்காக் கிடக்கோணும். இளநெருப்பில 20 நிமிசம் போல, கை விடாமல் கிளறோணும். கச்சான் தோல் நிறம் வரும், அங்கொண்டு இங்கொண்டு வெடிக்கும். அப்ப ஒரு மணியைக் கடிச்சுப் பாருங்கோ: மொறுக்கெண்டு உடைஞ்சு மாவாகோணும். நடு வெள்ளையா இறுகிக் கிடந்தால் இன்னும் வறுக்கோணும்.

நல்லாக் காய்ஞ்ச சோளன்தான் வேணும். அவிச்சுத் தின்னுற இளஞ்சோளன் சரிவராது. ரோஸ் நிறம் பூசின விதைச்சோளனைத் தொடவே வேண்டாம், அது பூஞ்சணநாசினி. கோழித்தீன் சோளன் எண்டால் பூஞ்சணம் பிடிச்ச மணி கலந்திருக்கலாம். வறுத்தாலும் பூஞ்சணம் விடுற நஞ்சு முழுசாப் போகாது.

ஒட்டுசுட்டான்_உரல்
அக்கா சொன்னது சரி. கட்டிபடுறது வேற கதை. சூட்டோட அரைச்சிருப்பியள், ஆவி மாவுக்குள்ளயே நிண்டிடும். சுளகில பரவி முழுக்க ஆறவிடுங்கோ. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கோ, தொடர்ந்து ஓடினால் சூடேறி மா ஒட்டும். அரிதட்டில அரிச்சு, மேல நிக்கிற குறுணியைத் திரும்ப அரையுங்கோ. அரிக்காமல் விட்டால் அது சில்லிபிபியே இல்லை.

சீனியும் ஈரம் இழுக்கும். மாவைத் தனிய காத்துப் போகாத போத்தலில வைச்சு, தின்னேக்கை மட்டும் கலவுங்கோ: நாலு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பை பொடிச்ச சீனி, ஒரு சிட்டிகை உப்பு. கறுவாத்தூள் விருப்பம்.

மாங்குளம்_அடுப்படி
சீனிக்குப் பதிலா பனங்கட்டி, தேங்காய்ப்பூ போடலாமோ?

நெடுங்கேணி_அக்கா
போட்டால் எங்கட பொரிமா மாதிரி ஈரமா வரும். ருசிதான், ஆனா அண்டைக்கே முடிக்கோணும். சில்லிபிபி எண்டது சரையில கட்டி, காய்ஞ்ச மாவா வாயில கொட்டிற சாமான். வாய் நிறையப் போட்டுக் கதைச்சால், சிரிச்சால் புரைக்கேறும். சின்னப்பிள்ளையளுக்கு இளஞ்சூட்டுப் பாலில கரைச்சுக் குடுங்கோ.

ஒட்டுசுட்டான்_உரல்
கூடச் செய்யிறதெண்டால் மில்லுக்குக் குடுக்கலாம். மிளகாய்த்தூள் இடிச்ச கையோட போடவிடாதேங்கோ, அரிசிமா அரைச்ச பிறகு போடச்சொல்லுங்கோ. அப்பிடியெண்டாலும் முதல் வாற பிடி மாவைக் கோழிக்கு விடுறதுதான் நல்லது.