கேஸ் அடுப்பால் வீட்டுக் காற்று கெடுகிறதா?

நீலச்சுடர்:
புகை வரவில்லை என்பதாலேயே கேஸ் அடுப்பு சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது. சுடரின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து, நுரையீரலை உறுத்தும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் இதன் ஆண்டுச் சராசரி வரம்பை கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10-ஆகக் குறைத்துவிட்டது. கேஸில் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வாய்ப்பு 42 சதவீதம் கூடுதல் என்று 2013-இல், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது. குழந்தைகள் இருக்கும் வீடுகள் எல்லாமே இண்டக்‌ஷனுக்கு மாற வேண்டும்.

வாணலி:
அதே 2013-ல வந்த இன்னொரு ஆய்வை ஏன் விட்டுட்டீங்க? 47 நாடுகள், 5 லட்சத்துக்கும் மேல பிள்ளைகள். கேஸுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு தெரியலை. விறகு மாதிரி திறந்த நெருப்புல சமைக்கிற வீடுகள்லதான் தெரிஞ்சது. விறகை விட்டு கேஸுக்கு வந்தவங்களைப் பயமுறுத்தாதீங்க. எண்ணெய் புகையப் புகைய வறுத்தா இண்டக்‌ஷன்லயும் நுண்துகள் கிளம்பத்தான் செய்யும்.

நீலச்சுடர்:
விறகை விட கேஸ் எவ்வளவோ மேல், அதில் சண்டையே இல்லை. நான் பேசுவது கேஸா, மின்சாரமா என்பதைப் பற்றி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த ஓர் ஆய்வில் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின் அடுப்பு வைத்துப் பார்த்தார்கள். சமையலறையில் நைட்ரஜன் டை ஆக்ஸைடு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எண்ணெய்ப் புகை இரண்டிலும் உண்டு. இந்த வாயு கேஸ் சுடரில் மட்டும்தான்.

வாணலி:
வாயு குறைஞ்சது சரி, நோய் குறைஞ்சதான்னு அது சொல்லலையே. வாடகை வீட்ல இருக்கிறவங்க அடுப்பை மாத்த முடியுமா? ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொல்லுங்க, அது எல்லாராலயும் முடியும்.

காற்றுவழி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். சிம்னி இருக்குன்னு நிம்மதியா இருக்கிறவங்க, அதோட குழாய் சுவரைத் தாண்டி வெளிய போகுதான்னு பாருங்க. காற்றை வடிகட்டி அறைக்குள்ளயே திருப்பி விடுற வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், கார்பன் மோனாக்ஸைடுங்கிற நச்சு வாயுவைப் பிடிக்காது. அடுப்பைப் பத்த வைக்கும்போதே ஃபேனைப் போடுங்க, அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். சிம்னி சுவரோட ஒட்டி இருந்தா பின்பக்க பர்னர்ல சமைங்க, அங்கதான் நல்லா இழுக்கும். சுடர் மஞ்சளாகி பாத்திரத்தோட அடியில கரி பிடிச்சா உடனே சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிடுங்க. கேஸ் அரைகுறையா எரியுதுன்னு அர்த்தம்.

நீலச்சுடர்:
நல்ல விவரம். ஆனால் சத்தம் தாங்காமல் ஃபேனை அணைத்து வைக்கும் வீடுகள்தான் என் கவலை. பிள்ளைக்கு ஏற்கெனவே இளைப்பு இருந்தால் அடுப்பை மாற்றத்தான் சொல்வேன்.

வாணலி:
அந்த வீட்டுக்கு நானும் மறுப்பு சொல்ல மாட்டேன். எல்லா வீட்டுக்கும்னு சொன்னதைத்தான் ஏத்துக்க முடியலை. மாத்த முடியாதவங்க தண்ணி கொதிக்க வைக்கிறதையாவது மின்கெட்டிலுக்குக் கொண்டு போகலாம், பர்னர் எரியுற நேரம் அந்த அளவுக்குக் குறையும்.