வசந்திக்கு வயசு கூடுதா குறையுதா

ராஜம்: (ஃபார்வர்டு) அடிக்கடி விமானத்தில் பறப்பவர்களுக்கு வயது குறைகிறது!! ஐன்ஸ்டீன் 1905லேயே சொன்ன ரகசியம். 10 பேருக்கு அனுப்பவும்.

ராஜம்: வசந்தி உனக்குத்தான்

வசந்தி: ஹாஹா. ஃப்ளைட் வேலைக்கு இதாவது கிடைக்கட்டும் அண்ணி

மாலதி: அப்போ இனிமே நான்தான் அக்கா. நீ எனக்கு முன்னாடி பொறந்த அந்த 11 நிமிஷம் தீர்ந்துது

வசந்தி: அதெப்படி டீ

நிலா: சித்தப்பா இது நிஜமா? நாளைக்கு இதே பாடம்தான் டெஸ்ட்

முரளி: பாதி நிஜம். வேகமா நகர்ற கடிகாரம் மெதுவாகும், சரி. மணிக்கு 900 கிலோமீட்டர்னா நொடிக்கு 250 மீட்டர். அதுக்கு ஒரு மணி நேரத்துல வெறும் 1.25 நானோ செகண்ட் (நொடியில நூறு கோடில ஒரு பங்குதான் ஒரு நானோ) பின்தங்கும். ஆனா 10 கிலோமீட்டர் உயரத்துல ஈர்ப்பு விளைவால கடிகாரம் மணிக்கு 3.9 நானோ செகண்ட் முந்தும். 1905 கட்டுரையில ஈர்ப்பு கிடையாது, ஈர்ப்பைச் சேர்த்த பொதுச் சார்பியல் 1915. ரெண்டையும் சேர்த்தா பறக்கறவங்களுக்கு வயசு கூடத்தான் செய்யும்.

மாலதி: அய்யோ

வசந்தி: எவ்வளவு டா?

முரளி: 20,000 மணி நேரம் பறந்திருந்தா சுமார் 53 மைக்ரோ செகண்ட், அதாவது நொடியில பத்து லட்சத்துல 53 பங்கு

வசந்தி: பார்த்தியா மாலதி. 11 நிமிஷம் பிளஸ்

ராஜம்: நான் அனுப்பிட்டேனே 10 பேருக்கு

முரளி: திசையும் முக்கியம் அண்ணி. 1971ல ஹாஃபெலே, கீட்டிங்னு ரெண்டு விஞ்ஞானிங்க நாலு சீசியம் அணுக் கடிகாரத்தைப் பயணிகள் விமானத்துல ஏத்தி உலகத்தைச் சுத்தினாங்க. கிழக்கே போனப்ப 59 நானோ செகண்ட் பின்தங்கிச்சு, மேற்கே போனப்ப 273 முந்திச்சு. பூமி கிழக்கே சுழலுது, கிழக்கே பறந்தா அந்த வேகமும் சேர்ந்துக்கும். போகவர ரெண்டு திசையும் இருந்தா இது ஏறக்குறைய அடிபட்டுப்போகும், அதனாலதான் நான் சேர்க்கல.

ராஜம்: சரி சரி

கோபு: இப்பதான் போன் பார்த்தேன். என்ன விஷயம்

மாலதி: அண்ணாவோட கடிகாரம் எப்பவும் தனி

கோபு: கடிகாரம்னதும் ஞாபகம் வருது. அப்பாவோட சாவி கொடுக்கற வாட்ச் யார்கிட்ட இருக்கு?

வசந்தி: ரிப்பேருக்குன்னு ஒருத்தன் வாங்கிட்டுப் போனான்

நிலா: சித்தப்பா கணக்கு. 8 ஒளியாண்டு தூரம், கப்பல் வேகம் ஒளிவேகத்துல 0.8 பங்கு. பூமிக்கு 10 வருஷம். இந்த வேகத்துக்கு காமா (கடிகாரம் எத்தனை மடங்கு மெதுவாகுதுங்கற எண்) 5/3. கப்பலுக்கு 10ஐ 5/3ஆல பெருக்கினேன், 16.7

முரளி: எல்லாரும் வழுக்கற இடம். பெருக்கறதா வகுக்கறதான்னு யோசிக்காத. கிளம்பறது, போய்ச் சேர்றது, ரெண்டு நிகழ்வுலயும் கூடவே இருந்த ஒரே கடிகாரம் எது?

நிலா: கப்பல்ல இருக்கறது

முரளி: அதுலதான் நேரம் குறைவு. அதனால வகு, 6 வருஷம். சரிபார்க்க: கப்பல்ல இருந்து பார்த்தா தூரம் 4.8ஆ சுருங்கும், 0.8ஆல வகுத்தா அதே 6

நிலா: ஆனா கப்பல்காரனுக்குப் பூமிதானே ஓடுது? அவன் கணக்குல பூமி கடிகாரம்தானே மெது?

கோபு: கேக்கறேனே பதில் இல்லையே

முரளி: சபாஷ் நிலா. ஆமா, அவன் கணக்குல போகும்போது பூமியில 3.6 வருஷம், வரும்போது 3.6, மொத்தம் 7.2. ஆனா திரும்பி வந்தா பூமியில 20. மிச்சம் 12.8 எங்க? திரும்பற இடத்துல. அங்க அவன் சட்டகம், அதாவது எதோட சேர்ந்து நகர்ந்துக்கிட்டு அளக்கறான்ங்கறது, மாறுது, "பூமியில இப்போ மணி என்ன" என்பதே மாறிடும். வேகம் பெருக்கல் தூரம், 0.8 × 8 = 6.4. போற சட்டகத்துல அவ்வளவு பின்னாடி, வர்ற சட்டகத்துல அவ்வளவு முன்னாடி. கூட்டினா 12.8.

மாலதி: எனக்குத் தலை சுத்துது

முரளி: இன்னொண்ணு. முடுக்கம்தான் கடிகாரத்தை மெதுவாக்குதுன்னு எழுதிடாத. செர்ன் ஆய்வகத்து வளையத்துல மியூவான்கிற சீக்கிரம் சிதையற துகள்களைச் சுத்தவிட்டாங்க, 1977ல முடிவு வந்தது. ஓயாம ராட்சத முடுக்கம். 2.2 மைக்ரோ செகண்ட் ஆயுசு 64.4 ஆச்சு, காமா 29.3க்கு வரவேண்டிய அளவுதான். முடுக்கத்துக்குன்னு தனியா எதுவும் சேரல.

நிலா: எழுதிக்கிட்டேன். இரட்டையர் கேள்வி வந்தா அத்தைங்க பேரையே போடலாமா

வசந்தி: போடு. மூத்தவ பேரு முதல்ல

மாலதி: கப்பல்ல நான் போறேன். இளமையா வருவேன்

கோபு: ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றீங்களா? 10 மணியா 11 மணியா?

ராஜம்: 10

மாலதி: அண்ணாவுக்கு மட்டும் 9னு சொல்லுங்க

வசந்தி: எனக்கு டியூட்டி இருக்கலாம், நாளைக்குத்தான் தெரியும்

கோபு: முரளி, வாட்ச்?

முரளி: நேர்ல பேசலாம் அண்ணா