பவுல் ஃபீடர் பக்கத்தில் நின்றவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தஞ்சாவூர், மெயின்டனன்ஸ் ஃபிட்டர்

சுவிட்ச் அசெம்பிளி செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்க ஒரு பவுல் ஃபீடர் வாங்கினார்கள். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய கிண்ணம், அதன் உள்சுவரைச் சுற்றிக்கொண்டே மேலே ஏறும் பாதை. அடியில் மின்காந்தக் காயில், சாய்வாக மாட்டிய பட்டை ஸ்பிரிங்குகள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் காந்தம் இரண்டு தடவை இழுப்பதால் கிண்ணம் நொடிக்கு 100 முறை அதிரும். ஒவ்வொரு அதிர்விலும் ஸ்க்ரூ மயிரிழை அளவு எகிறி, கொஞ்சம் முன்னால் விழும். அப்படியே ஏறிப் போய், கடைசியில் ஒரு பிளவில் உடம்பு இறங்கித் தலை மட்டும் மேலே தங்கும். சரியாக உட்காராதது திரும்பக் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்துவிடும். வீட்டில் முறத்தில் அரிசி கொழித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே பிடிபடும்.

காலையில் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஸ்க்ரூ எல்லாம் பாதி ஏற்றத்தில் நின்று நடுங்கும், மேலே வராது. மூன்று நாள் ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டினேன். காயில் இடைவெளியைச் சரிபார்த்தேன். லைன் நின்றதுதான் மிச்சம். நாலாவது நாள் பெஞ்சில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, "தம்பி, அந்த நேரத்துல எங்க தலைக்கு மேல ஓடுற ஃபேனும் மெதுவாத்தான் சுத்துது" என்றார்.

மீட்டர் வைத்தேன். 230 இருக்க வேண்டிய இடத்தில் 195. காந்தத்தின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து குறையும். அதனால் கால்வாசிக்கு மேல் பலம் போயிருந்தது. ஸ்டெபிலைசர் வைத்த அன்று முதல் அந்தத் தொல்லை இல்லை. மூன்று நாளும் நான் மெஷினை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா கூடம் முழுக்கப் பார்த்திருக்கிறார்.

கும்பகோணம்

எங்களுக்கு வேறு மாதிரி. வேகம் குறைகிறதே என்று கன்ட்ரோலர் குமிழைக் கூட்டிக்கொண்டே போனோம். ஒருநாள் தடதடவென்று ஒரே சத்தம், காந்தம் இழுக்கும் தகடு காயிலில் போய் முட்டுகிறது. பிரித்துப் பார்த்தால் பட்டை ஸ்பிரிங் அடுக்கில் உள்ளே இருந்த ஒன்று விரிசல். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மாற்றிய பிறகு குமிழ் பாதியிலேயே போதுமாக இருந்தது.

திருவாரூர் பக்கம், ஆபரேட்டர்

நான் மெஷின் வர்றதுக்கு முன்னாடியே அந்த வேலையைக் கையால செஞ்சவ. நாலு பேர் உக்காந்து வாஷர், ஸ்பிரிங் எல்லாம் எடுத்து அடுக்குவோம். மெஷின் வந்ததும் ரெண்டு பேரை பேக்கிங்குக்கு மாத்துனாங்க. ஒருத்தி நடவுக்குப் போறேன்னு லீவு போட்டவ, திரும்ப வரல. அவளை நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு. நான் இப்ப ரெண்டு கிண்ணத்தைப் பாத்துக்கிறேன்.

சுருள் ஸ்பிரிங்தான் பெரிய பாடு. முனை திறந்திருந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக் கொத்தாயிடும், எந்தக் கிண்ணமும் அதைப் பிரிக்காது. கையால பிரிச்சுப் பழகுனவங்களுக்குத்தான் இது முதல்லயே தெரியும். நான் சொல்லித்தான் முனை மூடுன ஸ்பிரிங்கா வாங்க ஆரம்பிச்சாங்க. மெல்லிசு வாஷர்ல எண்ணெய் இருந்தா டிராக்கோட ஒட்டிக்கும், கழுவிக் காய வெச்சுத்தான் போடணும். ஐப்பசி, கார்த்திகை அடமழையில காயவும் காயாது, துருவும் சீக்கிரம் ஏறும். அதனால அன்னன்னிக்கு வேணுங்கிறதை மட்டும் கழுவுறேன்.

இன்னொண்ணு. புதுசா வர்ற பசங்க மூட்டையோட கொட்டிடுறாங்க. பாரம் ஏறுனா கிண்ணம் சோர்ந்து போயிடும். குமிழைத் தொடுறதுக்கு முன்னாடி உள்ள எவ்வளவு கிடக்குன்னு பாருங்க.

தஞ்சாவூர், மெயின்டனன்ஸ் ஃபிட்டர்

அக்கா, இதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். எங்கள் கிண்ணத்தில் பாதிக்கு மேல் கிடந்தது. ஒரு தடவைக்கு ஒரு டப்பா என்று அளவு குறித்துப் பக்கத்திலேயே மாட்டிவிட்டேன்.