மரண தண்டனை பற்றிய மக்கள் கருத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: ஆலமரம்

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று யாராவது கேட்டால் என்னால் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஒரு குழந்தையைக் கொன்றவனைப் பற்றிய செய்தியைப் படித்த அன்று, இவனைத் தூக்கில் போடாவிட்டால் சட்டம் எதற்கு என்று கொதித்தேன். சில வாரங்கள் கழித்து, செய்யாத கொலைக்காகப் பல்லாண்டுகள் சிறையில் கிடந்து விடுதலையான ஒருவரைப் பற்றிப் படித்தபோது, உயிரை எடுக்கும் அதிகாரத்தை எந்த அரசிடமும் கொடுக்கக் கூடாது என்று அதே உறுதியோடு சொன்னேன். இரண்டு நாளும் மனதாரத்தான் பேசினேன்.

என்னைப் போலவே பலரும் இருப்பார்கள் என்றால், மக்களில் இத்தனை விழுக்காட்டினர் மரண தண்டனையை ஆதரிக்கிறார்கள் என்று வெளியாகும் கணக்கெடுப்புகளுக்கு என்ன பொருள்? சட்டம் அந்தக் கருத்தைப் பின்தொடர வேண்டுமா? தூக்கு இல்லையென்றால் கொடிய குற்றம் செய்தவனை என்னதான் செய்வது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியோடு படிப்பேன்.

பதில்: தேன்சிட்டு

உங்கள் குழப்பத்தில் பிழை ஏதும் இல்லை, நண்பரே. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறதோ அதைப் பொறுத்தே பதிலும் மாறுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் கேலப் நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதைக் கேட்டுவருகிறது. கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனையை ஆதரிக்கிறீர்களா என்ற நேரடிக் கேள்விக்கு 1966-இல் 42 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 1994-இல் அது 80 விழுக்காடானது. 2019-இல் 56-ஆக இறங்கியது. ஆனால் அதே 2019-இல், மரண தண்டனையா அல்லது வெளியே வரவே முடியாத ஆயுள் சிறையா, இரண்டில் எது சிறந்தது என்று கேட்டபோது 60 விழுக்காட்டினர் ஆயுள் சிறையைத் தேர்ந்தெடுத்தார்கள்; மரண தண்டனையைத் தேர்ந்தவர்கள் 36 விழுக்காட்டினர்தான். ஒரே நாடு, ஒரே ஆண்டு. முதல் கேள்வியில் ஆம் என்று சொன்ன பலர், "அவன் திரும்பி வந்துவிடக் கூடாது" என்பதைத்தான் அந்த ஒரு சொல்லால் சொல்லியிருக்கிறார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

சட்டம் காத்திருக்க வேண்டுமா என்பதற்கு பிரான்சு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1981-இல், நீதித்துறை அமைச்சர் ராபர்ட் பாதந்தேர் முன்மொழிந்து மரண தண்டனை ஒழிக்கப்பட்டபோது, மக்களில் பெரும்பான்மையினர் அதைத் தக்கவைக்கவே விரும்பினார்கள். அதை ஒழிப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லியே மித்தரான் அந்த ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்கள் ஒரு கருத்தைக் கொண்டிருப்பதும், அதற்காகவே வாக்கை மாற்றிப் போடுவதும் வேறு வேறு.

பதில்: செம்பருத்தி

தேன்சிட்டு தந்த எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் மரண தண்டனையை ஆதரிக்கிறவர்கள் எல்லாரும் ஆத்திரத்தில் பேசுகிறவர்கள் என்ற எண்ணம் இத்தகைய விவாதங்களில் எப்போதும் உள்ளுக்குள் ஓடுகிறது, அது நியாயமன்று. நான் நிதானமாக யோசித்தே ஆதரிக்கிறேன். செய்த குற்றத்தின் எடைக்கு ஒத்த தண்டனையைத் தருவதுதான், கொல்லப்பட்டவரின் உயிருக்கு நாம் தரும் மதிப்பு. ஒரு தீவில் வாழும் மக்கள் தங்கள் சமூகத்தையே கலைத்துவிட்டுப் பிரிந்து போவதாக இருந்தாலும், சிறையில் இருக்கும் கடைசிக் கொலையாளிக்கான தண்டனையை முதலில் நிறைவேற்ற வேண்டும் என்று மெய்யியலாளர் காண்ட் 1797-இல் எழுதினார். எந்தப் பயனையும் எதிர்பார்க்காத கடமை அது என்பது அவர் கருத்து. என் கருத்தும் அதற்கு அருகில்தான் இருக்கிறது.

1994-இல் ருவாண்டாவில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட பிறகு ஐ.நா. பாதுகாப்பு அவை ஒரு தனித் தீர்ப்பாயத்தை அமைத்தது. அப்போது அந்த அவையில் உறுப்பினராக இருந்த ருவாண்டாவே அதற்கு எதிராக வாக்களித்தது. தீர்ப்பாயத்தால் மரண தண்டனை விதிக்க முடியாது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. அந்தக் கோபத்தை அறியாமை என்று யாராலும் சொல்ல முடியுமா?

பதில்: நெடுவழி

செம்பருத்தி அவர்களே, அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அதே ருவாண்டா 2007-இல் மரண தண்டனையை ஒழித்தது. தப்பியோடிய குற்றவாளிகளை மற்ற நாடுகள் தன்னிடம் ஒப்படைக்க வேண்டுமானால் மரண தண்டனை இருக்கக் கூடாது என்ற நடைமுறைத் தேவையும் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் சொல்லும் கடமையை நிறைவேற்ற, எந்தப் பிழையும் செய்யாத நீதிமன்றம் வேண்டும். அப்படி ஒன்று எங்கும் இல்லை.

ஜப்பானில் இவாவோ ஹகமாடா என்பவரின் வழக்கைப் பாருங்கள். அவர் முன்னாள் குத்துச்சண்டை வீரர்; மிசோ என்ற சோயா விழுது தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். 1966-இல் அந்த நிறுவனத்தின் நிர்வாகியும் அவர் குடும்பத்தில் மூவரும் கொல்லப்பட்டார்கள். பல நாள் விசாரணையில் ஹகமாடா ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் அதை மறுத்தார். ஓராண்டுக்கு மேல் கழித்து, மிசோ தொட்டிக்குள் இரத்தக் கறை படிந்த உடைகள் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. அந்தக் காற்சட்டை அவருக்குப் பொருந்தவில்லை. 1968-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே தண்டனை நிறைவேறும் நாள் கைதிக்கு அன்று காலையில்தான் தெரிவிக்கப்படும். ஒவ்வொரு காலையும் காவலரின் காலடி ஓசை தன் அறையைத் தாண்டிப் போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஒரு மனிதன் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தால் அவன் மனம் என்ன ஆகும்? அவர் மனநலம் சிதைந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் ஒருவரே, அவர் குற்றமற்றவர் என்று தாம் நம்பியதாக 2007-இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014-இல் மறுவிசாரணைக்கு உத்தரவிடப்பட்டு, சிறையிலிருந்து வெளியே விடப்பட்டார்; 2024-இல்தான் குற்றமற்றவர் என்ற தீர்ப்பைப் பெற்றார். மிசோவில் ஓராண்டு ஊறிய இரத்தக் கறை அவ்வளவு சிவப்பாக இருக்க முடியாது என்பதும், அந்தச் சான்று புலனாய்வாளர்களால் புனையப்பட்டது என்பதும் மறுவிசாரணையில் நிலைநின்றன. அப்போது அவருக்கு வயது 88. விடாமல் போராடிய அவர் அக்காவுக்கு 91.

அவராவது உயிரோடு இருந்தார். இங்கிலாந்தில் தன் குழந்தையைக் கொன்றதாக 1950-இல் தூக்கிலிடப்பட்ட திமத்தி எவன்சுக்கு 1966-இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன, அதே வீட்டில் குடியிருந்தவர்தான் தொடர் கொலையாளி என்பது 1953-இலேயே தெரிந்துவிட்டது. அந்த மன்னிப்பு ஆணையை யார் கையில் கொடுப்பது?

கேட்டவரின் மறுமொழி: ஆலமரம்

அனைவருக்கும் நன்றி. நெடுவழி சொன்ன காலடி ஓசை மனதை விட்டு அகலவில்லை. ஆனாலும் இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. தூக்கு இருந்தால் மற்றவர்களுக்குப் பயம் இருக்கும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? ஆயுள் சிறை என்று சொல்லிவிட்டுச் சில ஆண்டுகளில் வெளியே விட்டுவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு என்ன பதில்?

பதில்: தேன்சிட்டு

முதல் ஐயத்துக்கு: அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் முப்பது ஆண்டுக்கால ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பதை அவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்று 2012-இல் அறிவித்தது. கனடா 1976-இல் கொலைக்கான மரண தண்டனையை ஒழித்தது. அஞ்சியபடி கொலைகள் பெருகவில்லை, காலப்போக்கில் அவற்றின் விகிதம் குறைந்தே வந்தது. தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வந்து சேரும் என்ற உறுதிதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியரான பெக்காரியா 1764-இலேயே எழுதிவிட்டார்.

கடுமை அந்த உறுதியைக் கெடுக்கவும் செய்யும். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு இருந்தது. வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்குதான். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களான நடுவர் குழுவினருக்கு (ஜூரி) மனம் வராமல், திருடுபோன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று வேண்டுமென்றே குறைத்து எழுதினார்கள். கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்கான தூக்கை நீக்குங்கள் என்று 1830-இல் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? வங்கி நடத்தியவர்கள்தான். தூக்கு இருந்ததால் நடுவர்கள் குற்றவாளிகளை விடுவித்துவிடுகிறார்கள், தங்கள் பணத்துக்குப் பாதுகாப்பில்லை என்பது அவர்கள் முறையீடு.

இரண்டாவது ஐயத்துக்கு நார்வேயைச் சொல்லலாம். 2011-இல் 77 பேரைக் கொன்றவனுக்கு வெறும் 21 ஆண்டுகள் என்று உலகமே வியந்தது. உண்மையில் அவனுக்கு விதிக்கப்பட்டது, இன்னும் ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கருதும்வரை நீட்டித்துக்கொண்டே போகக்கூடிய தடுப்புச் சிறை. 2022-இல் அவன் விடுதலை கேட்டபோது மறுக்கப்பட்டது.

பதில்: செம்பருத்தி

39 ஷில்லிங் செய்தி எனக்குப் புதிது. என் நிலைப்பாட்டை நான் கைவிடவில்லை. ஆனால் ஐயத்துக்குச் சிறிதும் இடமில்லாத வழக்குகளில் மட்டும் என்று இதுவரை சொல்லிவந்த எனக்கு, ஹகமாடாவின் வழக்கிலும் அன்றைய நீதிமன்றம் அப்படித்தான் எழுதியிருக்கும் என்ற எண்ணம் உறுத்துகிறது. அந்த எல்லையை யார், எதைக் கொண்டு வகுப்பது என்று என்னால் இப்போது சொல்ல முடியவில்லை.

பதில்: மழைக்கால்

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்று எழுதத் தோன்றியது. என் அண்ணன் கொலை செய்யப்பட்டார். வழக்கு நடந்த ஆண்டுகளில் எங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், அவனுக்குத் தூக்குக் கிடைக்க வேண்டும் என்றே சொன்னார்கள். எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார்கள். அம்மாவும் முதல் ஆண்டு முழுவதும் அதையேதான் சொன்னார். பிறகு அவர் பேச்சு மெல்ல மாறியது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணனின் புகைப்படத்தையும் வழக்குத் தாள்களையும் ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்புவார். நீதிபதி விடுப்பு என்றோ, சாட்சி வரவில்லை என்றோ வாசலில் போய்த்தான் தெரிந்துகொள்வோம். கொன்றவனுக்கு வழக்கறிஞர் இருந்தார், அவனுக்குத் தேதி தெரிந்திருந்தது. எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அது போதுமா என்று உறவினர்கள் அம்மாவிடம் கேட்டார்கள். தீர்ப்பை நீதிபதி வாசித்தபோது அண்ணனின் பெயரை முழுப் பெயராக, ஊரறியச் சொன்னார் என்பதை மட்டும்தான் அம்மா அன்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.