பார்வை மீன் வட்டமடிக்காமல் தலைகுப்புற இறங்குகிறது, எங்கே தவறு?

ஏரிக்கரை:
வணக்கம். மினசோட்டாவில் இருக்கிறேன். இங்கே ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் பெரிய ஓட்டை போட்டு, மேலே இருட்டுக் குடில் வைத்து, மரத்தில் செதுக்கிய மீனை நூலில் இறக்குவார்கள். அதைத் தேடி வரும் பைக் (pike) என்ற மீனை ஈட்டியால் குத்துவார்கள். ஈட்டி எனக்கு வேண்டாம், அந்த மர மீன் மேல்தான் ஆசை. இனத்தைக் காட்டி இழுக்கும் விலங்குக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர் உண்டு. அதனால் வீட்டில் இதைப் பார்வை மீன் என்கிறோம்.

இது என் மூன்றாவது மீன். வெள்ளை சீடர் (cedar) மரம், 7 அங்குலம். வயிற்றில் குழி தோண்டி ஈயம் உருக்கி ஊற்றினேன். டப்பாத் தகரத்தில் நான்கு துடுப்புகள். வாலை மரத்திலேயே இடப்பக்கம் வளைத்துச் செதுக்கினேன். குளியல் தொட்டியில் விட்டால் மூக்கு நேரே கீழே பார்க்கிறது. நூலை இழுத்தால் ஒரு பக்கமாகப் புரள்கிறது. வயிற்றுப் பெயிண்டும் கொப்பளித்துவிட்டது. ஒரு மாத உழைப்பு, மனசு கேட்கவில்லை.

சீவல்:
நூல் கட்டும் வளையம் எங்கே இருக்கிறது? காற்றில் தொங்கவிட்டால் மட்டமாக நிற்கிறதா?

ஏரிக்கரை:
முதுகுத் துடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. காற்றிலும் மூக்கு கீழேதான்.

உளிக்கரம்:
அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது, தம்பி. எடை நடுவுக்குப் பின்னால் வளையம் இருக்கிறது. நூலை இழுக்கும்போது மூக்கு லேசாக நிமிர வேண்டும், தளர்த்தும்போது லேசாகக் குனிய வேண்டும். அப்போதுதான் துடுப்பு தண்ணீரைச் சரித்துத் தள்ளி மீனை முன்னால் ஓட்டும். வளைந்த வால் அந்த ஓட்டத்தை வட்டமாகத் திருப்பும். நேராகக் கீழே விழுகிற மீனுக்கு ஓட்டமே இல்லையே, வால் எதைத் திருப்பும்?

வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திப் பாருங்கள். பழைய துளையில் எபாக்சி பசை வைத்து அடைத்துவிடலாம்.

புரள்வது வேறு கோளாறு. குழி ஆழமாகப் போனால் ஈயம் முதுகுப் பக்கம் ஏறிவிடும். அகலமாக, மேலோட்டமாக, வயிற்று விளிம்பிலேயே இருக்க வேண்டும். மிச்சிகனின் கேடிலாக் ஊரில் ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951) என்பவர் இப்படி ஆயிரக்கணக்கான மீன்களைச் செதுக்கினார். அவற்றைப் பார்க்க வாய்த்தால் வயிற்றையும் பாருங்கள். அப்புறம், இரண்டு பக்கத் துடுப்பும் ஒரே சாய்வில் இருக்கிறதா? அட்டையில் ஓர் அச்சு வெட்டி வைத்து ஒப்பிடுங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

அடுத்த மீனுக்குக் குழி தோண்டும் முன்பே தூண்டில் ஈயக் குண்டுகளை ரப்பர் பேண்டால் வயிற்றில் கட்டித் தண்ணீரில் விடுங்கள். எங்கே கட்டினால் மட்டமாக, மெதுவாக இறங்குகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொண்டு தோண்டுங்கள்.

சீவல்:
ஈயம் உருக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தில் ஈரம் இருந்தால் ஊற்றிய நொடியே நீராவி கிளம்பி ஈயத்தை முகத்தில் தெறிக்கும். அது 327 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான உலோகம். வெளியில் வைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மட்டும் செய்யுங்கள். சமையல் பாத்திரம் கூடவே கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் உருக்கவே வேண்டாம். ஈயக் குண்டுகளைக் குழியில் அடுக்கி எபாக்சி ஊற்றினாலே போதும்.

ஏரிக்கரை:
அண்ணா, வளையத்தை முக்கால் அங்குலம் முன்னால் மாற்றினேன். அட்டை வைத்துப் பார்த்தால் இடது துடுப்பு நன்றாகவே கூடுதலாக வளைந்திருந்தது, குறடால் சரிசெய்தேன். தொட்டியில் ஆழம் போதவில்லை என்று பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி விட்டேன். இடப்பக்கமாகச் சுற்றுகிறது! இழுக்க இழுக்க, தகரத் துடுப்பு டிரம் சுவரை உரசிக்கொண்டு ஒரு முழு வட்டம். மகள் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பெயிண்டுக்கு என்ன செய்வது?

உளிக்கரம்:
ஈயத்துக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும், தண்ணீர் அதில்தான் நுழைகிறது. பழைய பெயிண்டைச் சுரண்டி, ஒரு வாரம் காயவிட்டு, அந்த விளிம்பை எபாக்சியால் மூடுங்கள். பிறகு உப்புத்தாள் போட்டு, துடுப்பு செருகிய வெட்டுகள் உட்பட மீன் முழுவதும் சீலர் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பூச்சு) இரண்டு கை அடித்துவிட்டு வண்ணம் தொடுங்கள். எபாக்சியும் சீலரும் எடை கூட்டும். அதனால் வண்ணத்துக்கு முன் இன்னொரு முறை டிரம்மில் விட்டுப் பாருங்கள்.