26 வாரம் முடிந்த பிறகும் அன்எம்ப்ளாய்மென்ட் பணம் நீளுமா?

ஜெர்சி வாசகி:
வணக்கம் நண்பர்களே. நியூ ஜெர்சியில் இருக்கிறோம். லே-ஆஃபில் கணவருக்கு வேலை போனதிலிருந்து அன்எம்ப்ளாய்மென்ட் பணம் வருகிறது, க்ரீன் கார்டு இருப்பதால் அதில் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் இப்போது 26 வாரமும் தீரப் போகிறது. இன்டர்வியூ நடக்கிறது, கடைசி ரவுண்டு வரை போய் அங்கேயே நின்றுவிடுகிறது. கொரோனா சமயத்தில் 26 வாரத்துக்கு மேலும் பல மாதம் கொடுத்தார்களே, அதுபோல இப்போதும் எக்ஸ்டென்ஷன் கேட்டு விண்ணப்பிக்க முடியுமா, எந்தப் படிவம், எப்போது போட வேண்டும்? வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பணம் கொடுத்தால் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாடகை, பையனின் காலேஜ் ஃபீஸ் என்று எல்லாம் வரிசையாக நிற்கிறது, தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, முதலில் அந்த வாட்ஸ்அப் ஆளுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள், சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் சொல்லிவிடாதீர்கள். க்ளெய்ம் போட எந்த மாநிலமும் கட்டணம் வாங்குவதில்லை, இல்லாத எக்ஸ்டென்ஷனை யாராலும் வாங்கித் தரவும் முடியாது.

கொரோனாவில் வந்தது வேறு கணக்கு. 2020-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், கேர்ஸ் சட்டம் போட்டு முழுக்க மத்திய அரசுப் பணத்தில் கூடுதல் வாரங்கள் கொடுத்தது, அது 2021 செப்டம்பர் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. 2008 நெருக்கடியின்போது வந்த நீட்டிப்பும் அப்படித்தான், 2013 கடைசி வரை ஓடி நின்றது. ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் தனியாகச் சட்டம் போட்டால்தான் அது வரும்.

நிரந்தரமாக இருப்பது 1970-ல் வந்த சட்டப்படியான எக்ஸ்டெண்டட் பெனிஃபிட்ஸ், சுருக்கமாக இ.பி. பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்: இது உங்கள் வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்து வருவதில்லை, மாநிலத்தின் வேலையின்மை விகிதத்தைப் பார்த்து வருகிறது. அன்எம்ப்ளாய்மென்ட் பணம் வாங்குவோரின் விகிதம் 13 வார சராசரியில் 5 சதவீதத்தைத் தொட வேண்டும், அதோடு முந்தைய இரண்டு ஆண்டுகளின் இதே காலத்துச் சராசரியில் 120 சதவீதமாவது இருக்க வேண்டும். மொத்த வேலையின்மை 6.5 சதவீதத்தைத் தொட்டு, கடந்த ஆண்டுகளைவிடக் கூடியிருந்தாலும் போதும் என்று சில மாநிலங்கள் இன்னொரு வழியையும் சேர்த்து வைத்திருக்கின்றன. இந்த நிலை வரும்போதுதான் இ.பி. 'ஆன்' ஆகும். நிலவரம் நன்றாக இருக்கும் வருடங்களில் பெரும்பாலான மாநிலங்களில் அது 'ஆஃப்'தான், அப்போது உங்கள் கணவர் எவ்வளவு தகுதியோடு இருந்தாலும் கிடைக்காது. எந்த மாநிலத்தில் ஆன், எதில் ஆஃப் என்று மத்திய தொழிலாளர் துறை வாராவாரம் ட்ரிகர் நோட்டீஸ் என்று ஒரு பட்டியல் போடுகிறது, அதை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

ஆன் ஆனால் அதிகபட்சம் 13 வாரம். மொத்த வேலையின்மை 8 சதவீதத்தைத் தொட்டால் சில மாநிலங்களில் 20 வாரம் வரை போகும். வாரத் தொகை இப்போது வாங்குவதேதான்.

மிடில்செக்ஸ்காரர்:
மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். ஆன்லைன் க்ளெய்மில் இரண்டு விஷயம் தனித்தனியாக இருக்கும், ஒன்று மீதித் தொகை, இன்னொன்று பெனிஃபிட் இயர் முடியும் தேதி. 26 வாரம் என்று நாம் சொன்னாலும் உள்ளே இருப்பது டாலர் கணக்குதான். நடுவில் பார்ட்-டைம் செய்து சில வாரங்களில் குறைவாக வாங்கியிருந்தால் மீதி இன்னும் இருக்கும், வாரக்கணக்கில் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்து, சர்டிஃபை பண்ணுவதை, அதாவது வாராவாரம் நிலவரத்தைப் பதிந்து பணம் கேட்பதை, நிறுத்திவிடாதீர்கள். பெனிஃபிட் இயர் என்பது க்ளெய்ம் போட்டதிலிருந்து ஒரு வருடம். அது முடிந்ததும் புது க்ளெய்ம் போடலாம், ஆனால் பழைய க்ளெய்முக்குப் பிறகு ஓரளவு வேலை பார்த்துச் சம்பாதித்திருந்தால்தான் எடுபடும்.

அப்புறம் நியூ ஜெர்சியில் ட்ரெயினிங்கோடு சேர்ந்த கூடுதல் பெனிஃபிட் ஒன்று இருக்கிறது. வேலை நிரந்தரமாகப் போய், பழைய துறையில் திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்ற நிலையில், மாநிலம் ஒப்புக்கொண்ட முழுநேரப் பயிற்சியில் சேர்ந்திருப்பவர்களுக்கு 26 வாரம் வரை கூடக் கிடைக்கலாம். இதற்கு இ.பி. ஆன் ஆகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பணம் தீர்ந்த பிறகு போய்க் கேட்காதீர்கள், இந்த வாரமே பக்கத்தில் இருக்கும் ஒன்-ஸ்டாப் கரியர் சென்டருக்கு (வேலை தேடுபவர்களுக்கு உதவும் அரசு மையம்) போய் எந்தப் பயிற்சி பட்டியலில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கணவர் விஷயத்தில் நான் முதலில் தட்டச் சொல்வது இந்தக் கதவைத்தான்.

பே ஏரியா தம்பி:
கலிஃபோர்னியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் ட்ரெயினிங் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, ஆனால் 16-வது வாரப் பணம் வாங்குவதற்கு முன்பே அதைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும். 26 வாரமும் முடிந்து வந்து கேட்டால் கதவு மூடியிருக்கும். இந்த ஒரு வரி தெரியாமல் வாய்ப்பை விட்டவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஜெர்சி வாசகி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. க்ளெய்மில் பார்த்தேன், மீதி கொஞ்சம் இருக்கிறது, பெனிஃபிட் இயர் முடியவும் நாள் இருக்கிறது. அவரைக் கரியர் சென்டருக்கு அனுப்புகிறேன். ஒருவேளை பின்னால் இ.பி. ஆன் ஆனால் தானாகவே வருமா? அவர் லெவலுக்குக் குறைந்த வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை:
ஆன் ஆனால் தகுதியுள்ளவர்களுக்கு மாநிலம் அறிவிப்பு அனுப்பும், அதனால் முகவரி, மெயில் இரண்டும் சரியாக இருக்கட்டும். வழக்கமான பெனிஃபிட் முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும். க்ளெய்முக்கு அடிப்படையான காலத்தில் 20 வார முழுநேர வேலை அல்லது அதற்கு ஈடான சம்பளம் இருக்க வேண்டும், தொடர்ந்து வேலை பார்த்தவர் என்றால் இது பிரச்சினை இல்லை.

வேலையை மறுக்கும் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். இ.பி.யில் தேடுதல் விதி கடுமை. எங்கே, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, யாரிடம் விண்ணப்பித்தார் என்று வாராவாரம் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். விரைவில் தன் துறையிலேயே வேலை கிடைக்கும் என்று நல்ல ஆதாரம் இருந்தால் தவிர, அவரால் செய்ய முடிந்த, வாரத் தொகையைவிட அதிகச் சம்பளம் தரும் எந்த வேலையும் தகுந்த வேலையாகவே கணக்காகும், மேனேஜராக இருந்தேன் என்ற காரணம் எடுபடாது. மறுத்தால் பணம் நிற்கும், திரும்ப வாங்க வேண்டுமானால் குறைந்தது 4 வாரம் வேலை பார்த்து, வாரத் தொகையைப் போல 4 மடங்கு சம்பாதித்திருக்க வேண்டும். தேடிய விவரத்தை ஒரு எக்ஸெல் ஷீட்டில் இன்றிலிருந்தே எழுதச் சொல்லுங்கள். பணம் தர மறுத்து மாநிலத்திடமிருந்து கடிதம் ஏதாவது வந்தால் அதிலேயே அப்பீல் கெடு போட்டிருக்கும், அதற்குள் அப்பீல் போட்டுவிடுங்கள், முடிவு வரும் வரை வாராவாரம் சர்டிஃபை பண்ணுவதையும் நிறுத்த வேண்டாம்.

வாடகைக்கு 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அழைத்துப் பாருங்கள், உங்கள் கவுண்டியில் என்ன உதவி இருக்கிறது என்று சொல்வார்கள். இன்னொன்று, இந்தப் பணத்துக்கு ஃபெடரல் வரி உண்டு. பிடித்தம் செய்யச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்கிய தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற வரிப் படிவம் வரும்போது மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.